ஜெராக்ஸ் எங்கே போகிறது?

சொத்து வரியில் பெயர் மாற்ற மனு கொடுப்பவர் கையில் ஒரு கட்டு இருக்கும். பத்திர நகல், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, கடைசி வரி ரசீது, ஆதார் நகல். எல்லாவற்றின் அடியிலும் கையெழுத்து. கட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு பில் கலெக்டர் சொல்வார்: "சார், இதையே ஒரு தடவை என் வாட்ஸ்அப்புக்கும் போட்டு விட்டுடுங்க. ஏத்துறதுக்கு ஈஸியா இருக்கும்." அவர் மேல் குறை சொல்ல மனம் வராது. அலுவலகத்தில் ஸ்கேனர் ரிப்பேராக இருக்கும், அல்லது அது கமிஷனர் அறையில் இருக்கும். வேலை நடக்கட்டும் என்றுதான் தன் சொந்த போனைக் கொடுக்கிறார். ஆனால் ஒரு வார்டின் பத்திரங்களும் கையெழுத்துகளும் ஆதார் எண்களும் இப்போது ஒரு தனிமனிதரின் போனில், அவருடைய குடும்பப் படங்களுக்கு நடுவே கிடக்கின்றன. அவர் போனை மாற்றும்போதும், வேறு வார்டுக்குப் போகும்போதும், ஓய்வு பெறும்போதும் அவை என்ன ஆகும்? இதைக் கேட்டால் நம்மைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

வரி கட்டுகிறவராவது படித்தவராக இருந்தால் இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாம். உதவித்தொகைக்கு வரும் பாட்டிக்கு அந்த வசதியும் கிடையாது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவர் முதலில் போவது தாலுகா அலுவலகத்துக்கு அல்ல, தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு. அங்கே ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரின் முகப்பிலேயே சேமிக்கிறார்கள். "போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு பாட்டி, அதைச் சொல்லு" என்கிறான் பையன். பாட்டி சொல்கிறார். யார் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லாதே என்று வங்கி ஓயாமல் எச்சரிக்கிறது. சொன்னால்தான் பணம் என்கிறது இந்த ஏற்பாடு. ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பள்ளியை யார் கட்டித் தருவார்கள்? 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது ஓடிபி கேட்டு மோசடி அழைப்புகள் கிளம்பின. யாரிடமும் எண்ணைச் சொல்லாதீர்கள் என்று அரசுத் தரப்பே எச்சரிக்க வேண்டி வந்தது.

அந்தத் திட்டத்தின் விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். ஆதார், குடும்ப அட்டை எண், போன் நம்பர், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு எண், நிலம், வாகனம், வருமானம் என்று ஒரு குடும்பத்தின் முழு வரைபடம் அந்தத் தாளில் இருந்தது. முகாம்களில் அதை வாங்கிப் பதிவு செய்தவர்களில் பலர் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போய்ச் சேர்வது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசவில்லை. தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க இத்தனை விவரம் தேவைப்பட்டிருக்கலாம். தேர்வு முடிந்த பிறகு தாள் எங்கே, எத்தனை ஆண்டுக்கு, யார் பொறுப்பில் இருக்கும் என்பதற்கு அந்தத் தாளிலேயே ஒரு வரி அச்சடித்திருந்தால் என்ன?

விவரங்கள் வெளியே போக திருடன் வர வேண்டும் என்றுகூட இல்லை. 2017 மே மாதம் பெங்களூரைச் சேர்ந்த 'சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி' ஓர் அறிக்கை வெளியிட்டது. நூறு நாள் வேலை, சமூக ஓய்வூதியம் இரண்டுக்குமான மத்திய அரசின் தளங்களையும் ஆந்திர அரசின் இரண்டு தளங்களையும் பார்த்துவிட்டு, சுமார் 13 கோடி ஆதார் எண்களும் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் யாரும் பார்க்கக்கூடிய நிலையில் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. அரசே கடை விரித்து வைத்திருந்தது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்லி ஓராண்டு ஆகியிருந்த சமயம் அது. 2021-இல் நம்முடைய முறை வந்தது. தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தில் இருந்த சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் தளம் ஒன்றில் கிடக்கின்றன என்று டெக்னிசாங்க்ட் என்ற நிறுவனம் சொன்னது. அந்த 50 லட்சத்தில் நம் வீட்டுக் கார்டும் உண்டா? பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றைய சட்டத்தில் இல்லை.

கசிவு ஒரு பக்கம் என்றால், தப்பான விவரம் இன்னொரு பக்கம். 2020 மார்ச் கடைசியில், கொரோனா பரவத் தொடங்கியபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீடுகளில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று சென்னை மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனது. ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் பழைய வீட்டிலும் ஒட்டினார்கள். அவர் அங்கே குடியிருக்கவே இல்லை. அது கட்சி அலுவலகமாக இருந்தது. செய்தி பரவியதும் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, தவறுதலாக ஒட்டிவிட்டோம் என்றார்கள். கமல்ஹாசன் என்பதால் சில மணி நேரத்தில் தீர்ந்தது. பெயர் தெரியாத ஒருவர் வீட்டில் ஒட்டியிருந்தால் பால்காரர் நின்றிருப்பார், வீட்டு வேலைக்கு வருபவர் நின்றிருப்பார். அந்த டிசம்பரில்தான், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி தனியாக உத்தரவிட்டால் ஒழிய வீட்டு வாசலில் இப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த இடத்தில் சிலர் உஷாராவார்கள். விவரங்களை மறைக்கச் சொன்னால் ஊழலுக்கும் திரை கிடைக்குமே என்பார்கள். நியாயமான பயம். இறந்தவர் பெயரில் வேலை அட்டை, கட்டாத வீட்டுக்கு மானியம், இதெல்லாம் பிடிபட்டது பயனாளிகள் பட்டியலை ஊர்க்காரர்கள் வாசித்ததால்தான். யாருக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டிய சங்கதி. ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் போன் நம்பரும் அப்படியல்ல. அவற்றை வைத்து எந்த ஊழலையும் எந்த ஊரும் பிடித்ததில்லை. நம் அலுவலகங்கள் இந்த இரண்டையும் தலைகீழாக வைத்திருக்கின்றன. எண்கள் மேஜையில் விரிந்து கிடக்கும், மனு ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கேட்டால் "அது கான்ஃபிடென்ஷியல் சார்."

சட்டமும் அந்தத் தலைகீழுக்குத் துணை போகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. அதிலும், விவரங்களைக் கையாள்பவர் நமக்குச் செய்ய வேண்டிய முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்து 2027 மே வரை தள்ளிவிட்டார்கள். உடனே நடைமுறைக்கு வந்தது எது தெரியுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் இதே சட்டம் செய்த திருத்தம். தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று அதிகாரிக்கு வழி திறந்த திருத்தம் அது. பாட்டியின் பாஸ்புக்குக்குக் காவல் வருமுன் அதிகாரியின் பதிலுக்குக் காவல் வந்துவிட்டது. போதாததற்கு, வேலை முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து அரசுக்கு அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே விலக்கு அளிக்கிறது. தனியார் கம்பெனிக்கு ஒரு நியாயம், நகராட்சிக்கு ஒரு நியாயம்.

இங்கிலாந்தில் நடந்த ஒன்று. நார்ஃபோக் கவுண்டி கவுன்சில் தன் பழைய பீரோக்களைக் கழித்துவிட்டது. பழைய சாமான் கடையில் ஒரு பீரோவை வாங்கியவர் திறந்து பார்த்தால், உள்ளே குழந்தைகள் நலத் துறையின் ஃபைல்கள். 2017-இல் தகவல் ஆணையர் அலுவலகம் அந்தக் கவுன்சிலுக்கு 60,000 பவுண்டு அபராதம் போட்டது. அங்கே அசம்பாவிதம் நடக்காமல் இல்லை. நடந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார், அதுதான் வித்தியாசம். இன்று அங்கே இப்படிப்பட்ட ஒவ்வொரு கவுன்சிலும் தரவுப் பாதுகாப்புக்கு ஓர் அதிகாரியை நியமித்தே ஆக வேண்டும். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டால், வழக்கமாக ஒரு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பதில் தர வேண்டும். நம் ஊரில் கழித்த ஃபைல்கள் எடைக்குப் போகும் பழைய பேப்பர் கடைக்கு எந்த ஆணையர் வரப் போகிறார்?

கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நகராட்சி நிர்வாகத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் ஆளுக்கொரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி நடந்துவிடும். ஊழியரின் சொந்த போனில் ஆவணம் வாங்கக் கூடாது. அதற்குப் பதில் அலுவலகத்துக்கு ஒரு ஸ்கேனர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிற இடத்தில் நகல் கேட்கக் கூடாது. வரி கட்டுவது மானியம் வாங்குவது அல்ல என்பதால் ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவுக் கட்டாயம் அதற்குப் பொருந்தாது. வரிக் கவுன்ட்டரில் வேறு அடையாள அட்டையையும் ஏற்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு நகலுக்கும் ரசீது வேண்டும். எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். கழிக்கும் தாள் துண்டுதுண்டாக்கப்பட்ட பிறகே எடைக்குப் போக வேண்டும். விவரம் தவறென்றால் யாரிடம் திருத்துவது என்று ஒரு பெயரும் போன் நம்பரும் சுவரில் எழுதியிருக்க வேண்டும். மானியத்துக்காக விவரம் வாங்கும் அரசு அலுவலகம், கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரின் தொடர்பு விவரத்தைத் தர வேண்டும் என்று 2025 விதிகளே சொல்கின்றன. அதற்கு ஏன் 2027 வரை காத்திருக்க வேண்டும்?

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த அட்டையை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகல் கொடுத்தே தீர வேண்டும் என்றால் அதன் குறுக்கே 'வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள். கவுன்ட்டரில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். நகரத்தில் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்: 'இந்த அலுவலகம் இதுவரை வாங்கிய அடையாள நகல்கள் எங்கே, யார் பொறுப்பில் உள்ளன என்ற பட்டியலை அடுத்த சபையில் வைக்க வேண்டும்.' எழுத மறுத்தால் மறுப்பையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் நகலோடு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். அங்கும் ஆதார் நகல் கேட்டால், மறைத்ததையே கொடுங்கள்.