அம்மாச்சி மாத்திரையில் ஏன் வினிகர் வாசனை? | வீட்டுக்குள் வேதியியல்

கோட்டைப்பட்டினம் பக்கம் இருக்கும் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். "ஏம்ப்பா, இந்த மாத்திரை புளிச்ச வாடை அடிக்குது, மோந்து பாரு" என்று ஒரு டப்பாவை நீட்டினார். ஃப்ரைடு ரைஸ் கடை மேசையில் இருக்குமே வினிகர், அதே வாசனை!

டப்பாவில் இருந்தவை, ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் மாத்திரைகள். தினமும் அட்டையைப் பிரிக்க விரல் வலிக்கிறது என்று, மொத்தமாகப் பிரித்து டப்பாவில் கொட்டி, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருந்தார்.

வினிகர் எப்படி வந்தது?

ஆஸ்பிரின் ஓர் எஸ்டர். சாலிசிலிக் அமிலத்தோடு, அசிட்டிக் அமிலத்தின் ஒரு துண்டைக் கோத்துச் செய்த மூலக்கூறு. தண்ணீர் பட்டால் அந்தக் கோப்பு மெல்ல அவிழ்ந்து, பழையபடி இரண்டு அமிலங்களாகிவிடும். இதற்குப் பெயர் நீராற்பகுப்பு. வினிகரின் புளிப்பே அசிட்டிக் அமிலம்தான். கடற்காற்றின் ஈரமும் அடுப்பின் சூடும் சேர்ந்து அம்மாச்சியின் டப்பாவுக்குள் இந்த வேலையைச் செய்திருக்கின்றன.

அமிலமா, காரமா... எது வேகம்?

எஸ்டரை உடைப்பதில் இரண்டுமே உதவும். ஆனால், வேகத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நெயில் பாலிஷ் ரிமூவர் சிலவற்றில் இருக்கும் எத்தில் அசிட்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி வெப்பத்தில், ஒரே செறிவுள்ள அமிலத்தைவிடக் காரத்தில் அது ஏறக்குறைய 1,000 மடங்கு வேகமாக உடையும். அமிலத்தில் உடைந்தவை மறுபடி ஒட்டிக்கொள்ளவும் வழி உண்டு. காரத்தில் அது நடக்காது. உடைந்த அமிலத்தைக் காரம் உடனே உப்பாக மாற்றிவிடும். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப் ஆவது இந்த வழியில்தான். சோப் திரும்ப எண்ணெய் ஆவதில்லையே!

ஆஸ்பிரினும் காரத்தில் சீக்கிரம் உடையும். pH 2.5 அளவிலான அமிலத்தில்தான் அதிக நாள் தாங்கும். சாதாரண தண்ணீரில் கரைத்து வைத்தால், இரண்டு மூன்று நாள்களில் பாதி போய்விடும். கடைகளில் ஆஸ்பிரின் சிரப்பாக வராததற்கு இதுவே முக்கியக் காரணம்.

வாசனை வந்தால் என்ன ஆபத்து?

ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது, ஆஸ்பிரினில் கோத்திருக்கும் அந்த அசிட்டிக் துண்டுதான். அது கழன்றுவிட்டால் மீதமிருக்கும் சாலிசிலிக் அமிலத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. வயிற்றையும் எரிக்கும். அதாவது, அம்மாச்சி தினமும் மாத்திரை போட்டும், இதயத்துக்கான பாதுகாப்பு குறைந்துகொண்டே வந்திருக்கலாம்.

என்ன செய்யலாம்?

* மாத்திரையை அட்டையிலேயே வைத்திருங்கள். சாப்பிடும்போது மட்டும் பிரியுங்கள்.
* அடுப்படி, குளியலறை, ஈரக்கை... மூன்றும் வேண்டாம்.
* வினிகர் வாசனை வந்தால் அந்த மாத்திரையைத் தவிர்த்து, அன்றைக்கே புதிய அட்டை வாங்குங்கள். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாச்சிக்குப் புது அட்டை வாங்கிக் கொடுத்தாயிற்று. பிரிக்கத்தான் விரல் வலிக்குமே? அந்த வேலையை இப்போது பக்கத்து வீட்டுப் பொடியன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். கூலி, தினம் ஒரு கடலை மிட்டாய்!