கொள்கையை வீட்டுக்குள்ளும் கொண்டு சென்றவர்

ஜூன் 5 வந்தால் காயிதே மில்லத் பிறந்த நாள். ஏப்ரல் 5 வந்தால் நினைவு நாள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் உள்ள அவருடைய அடக்கத்தலத்துக்குக் கட்சி பேதமின்றித் தலைவர்கள் வருகிறார்கள். மலர்ப் போர்வை போர்த்துகிறார்கள். படம் எடுக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் செய்தி வருகிறது. அத்தோடு அடுத்த ஆண்டுவரை மறந்துவிடுகிறோம்.

சென்னை அண்ணா சாலையில் அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாகை மாவட்டத்துக்கும் அவர் பெயர் இருந்தது. 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. பெயர்ப்பலகைகள் அரசாங்கத்தின் கையில் இருப்பவை, வரும், போகும். நம் கையில் இருப்பது ஒன்றுதான்: அவர் வாழ்ந்த முறை. அதை நாம் என்ன செய்தோம் என்பதே இன்றைய கேள்வி.

கண்ணியத்திற்குரிய முஹம்மது இஸ்மாயில் சாஹிப் 1896-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்தபோது பட்டப் படிப்பைப் பாதியில் விட்டு வெளியேறியவர். எழுதியிருந்தால் பி.ஏ. பட்டம், அதன் பின்னால் வெள்ளையர் ஆட்சியில் நல்ல உத்தியோகம். அந்த வாசலை அவரே மூடிக்கொண்டார். பின்னாளில் முஸ்லிம்களுக்குக் கல்லூரிகள் வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று அவர் பேசியபோது செல்வந்தர்கள் செவிசாய்த்தார்கள். காரணம், பட்டத்தின் அருமையைத் துறந்து அறிந்தவர் கேட்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951-ல் எழுந்தன.

அவருடைய அரசியல் தத்துவம் என்ன? சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இந்திய முஸ்லிம் இந்த நாட்டின் முழு உரிமையுள்ள குடிமகன், அவன் எவருக்கும் அஞ்சவும் வேண்டாம், எவரிடமும் கெஞ்சவும் வேண்டாம், சட்டத்தின் வழியில் நின்று, தன் மார்க்கத்தை விடாமல், தன் உரிமையைக் கேட்கட்டும்.

மேடையில் இதைச் சொல்வது எளிது. 1947-ல் சொல்வது எளிதாக இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் அரசியல் நிர்ணய சபையில் தேசியக் கொடித் தீர்மானத்தை ஆதரித்துப் பேசிய லீக் தலைவர் சௌத்ரி கலீக்குஸ்ஸமான், சில மாதங்களிலேயே பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இங்கே தங்கிய சாமானிய முஸ்லிம் திகைத்து நின்றான். டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்பு என்று முடிவு செய்து, இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில் சாஹிபை அமைப்பாளராக நியமித்தது. கராச்சிவரை சென்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். பதவியும் கிடைத்திருக்கும். அவர் சென்னைக்குத் திரும்பி வந்தார். 1948 மார்ச் 10-ல் ராஜாஜி மண்டபத்தில் சிலரே கூடிய கூட்டத்தில், கட்சியைக் கலைத்துவிடலாம் என்ற குரல்களுக்கு நடுவே, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. 'இது நம் நாடு' என்ற கொள்கையை அவர் திரும்பி வந்த அந்தப் பயணமே மெய்ப்பித்துவிட்டது.

அரசியல் நிர்ணய சபையில் அவருடைய நிலையைப் பாருங்கள். 1948 நவம்பரில் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிட வற்புறுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். ஏற்கப்படவில்லை. 1949 மே மாதம் சட்டமன்றங்களில் இடஒதுக்கீடு தொடர வேண்டும் என்று வாதாடினார். அதுவும் தோற்றது. பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே எதிர்த்தார்கள். படேல் கடுமையாகப் பேசினார். அவருடைய அந்தக் கோரிக்கை சரியா தவறா என்று இன்றும் வாதிக்கலாம். ஆனால் தோற்ற மனிதர் என்ன செய்தார்? கசப்பை விதைக்கவில்லை, கதவை அடைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவுமில்லை. அதே அரசியல் சட்டத்தின்கீழ் 1952 முதல் மாநிலங்களவையிலும், 1962 முதல் மக்களவையிலும் அமர்ந்து பேசினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அவரை மலையாள மண்ணின் மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 என மூன்று முறை தேர்ந்தெடுத்தது.

1962-ல் சீனா படையெடுத்தபோது தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்பத் தயார் என்று பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தியாகத்துக்கு அழைக்கும் தலைவர்கள் எக்காலத்திலும் உண்டு. தம் வீட்டுப் பிள்ளையை முதலில் நிறுத்தியவர் இவர். முஸ்லிம்களின் நாட்டுப் பற்றை ஐயுற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேறு என்ன வேண்டும்?

1967-ல் தமிழகத்திலும் கேரளத்திலும் லீக் இருந்த அணிகள் வெற்றி பெற்றன. கேரளத்தில் லீக் அமைச்சரவையிலேயே இடம்பெற்றது. தலைவரான அவரோ கடைசிவரை எந்த அமைச்சர் பதவியிலும் அமரவில்லை. 1972-ல் வஃபாத்தாகும்வரை எளிய வாழ்க்கையே வாழ்ந்தார். ஆட்சியாளரிடம் தனக்கென எதுவும் கேட்காதவர் சமுதாயத்துக்காகக் கேட்கும்போது அந்தக் குரலுக்குத் தனி எடை உண்டு. காயிதே மில்லத்தின் அரசியல் பலத்தின் இரகசியம் இதுவே. கொள்கை ஒரு பக்கம், சொந்த வாழ்க்கை ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. பிரித்து வைத்திருந்தால் அந்தக் கொள்கையை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பிறரைச் சுட்டுவதற்கு முன்னால் நம் இயக்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம். வரதட்சணையை மேடையில் கண்டித்துவிட்டு வீட்டுத் திருமணத்தில் கை நீட்டுகிறோமா, இல்லையா? மாநாட்டுக்கு ஏழைத் தொழிலாளி கொடுத்த பத்து ரூபாய்க்குக் கணக்கு காட்டுகிறோமா? சமுதாயத்துக்கு இரண்டு தொகுதி கேட்கப் போகிறவர், தமக்கு ஒரு வாரியப் பதவியும் கேட்டுவிட்டு வருவதில்லையா? அப்படிக் கேட்ட நிமிடமே சமுதாயத்தின் கோரிக்கை பாதி விலைக்குப் போய்விடுகிறது என்பது நமக்குப் புரியவில்லையா?

அரசாங்கம் நம்மைப் புறக்கணிக்கிறது என்பது உண்மை. வேலைவாய்ப்பிலும் பிரதிநிதித்துவத்திலும் நாம் பின்தங்கியிருப்பதும் உண்மை. அதற்காகப் போராடுவோம். ஆனால் போராடும் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆகவே இவ்வாண்டு மலர்ப் போர்வையோடு மூன்று காரியங்களையும் செய்வோம். ஒவ்வொரு கிளையும் வசூலித்த நிதியின் வரவு செலவை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில் வாசிக்கட்டும். நிர்வாகிகளின் வீட்டுத் திருமணங்கள் வரதட்சணையின்றி, எளிமையாக நடக்கட்டும். ஆட்சியாளரைச் சந்திக்கச் செல்லும் குழு, தனக்கென எதுவும் கேட்பதில்லை என்று முன்கூட்டியே உறுதி கூறட்டும்.

பதவியும் நிதியும் அமானத். மறுமையில் அதைப் பற்றிக் கேட்கப்படும் என்று நம்புகிறவர்கள் நாம். காயிதே மில்லத் அந்த நம்பிக்கையோடு வாழ்ந்து காட்டினார். அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கும் நாம், அவர் வாழ்ந்ததில் பாதியாவது வாழ்ந்து காட்ட வேண்டாமா?

அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! அவர் வழியில் நடக்கும் துணிவை நமக்கும் தருவானாக! ஆமீன்.