விரல் தொட்ட நேரமா, கேர்னலுக்கு வசதிப்பட்ட நேரமா?

விலை குறைஞ்ச போனில் விரலால் தள்ளினால் பட்டியல் சிலவேளை ஊர்ந்து போகும், சிலவேளை எங்கேயோ பறந்து போய் நிற்கும். உடனே "ஸ்கிரீன் சரியில்லை" என்று சொல்லிவிடுவோம். ஆனால் பிழை எப்போதும் கண்ணாடியில் இல்லை. டச் டிரைவரை எழுதினவர் நேரத்தை எந்த இடத்தில் குறித்தார் என்பதும் ஒரு காரணம்.

கணக்கு லேசானது. டச் சிப் 8 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா விரலின் இடத்தைச் சொல்லுது, ஒவ்வொரு முறையும் விரல் 2 மில்லிமீற்றர் நகர்ந்திருக்கு என்று வையுங்கோ. வேகம் செக்கனுக்கு 250 மில்லிமீற்றர். இப்ப சிபியு வேறு வேலையில் மாட்டுப்பட்டு இரண்டாவது தகவலை 6 மில்லிசெக்கன் பிந்தி வாசிக்குது; மூன்றாவதை நேரத்துக்கு வாசிக்குது. வாசித்த நேரத்தையே குறித்தால் இரண்டுக்கும் இடையில் வெறும் 2 மில்லிசெக்கன். வேகம் 1000! கடிதத்தில் தபால் முத்திரை இருக்க, அது கையில் கிடைத்த திகதியை எழுதிவைக்கிற வேலை இது. மேலே இருக்கிற எந்த அப்பாலும் தொலைந்த நேரத்தை அப்படியே மீட்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

இதற்கு மருந்து இல்லாமலும் இல்லை. சிப் இன்டரப்ட் தந்த அந்தக் கணத்திலேயே நேரத்தை எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஆறுதலாகத் தரவை வாசிக்கலாம். அப்படி எடுத்த நேரத்தை நிகழ்வுகளில் பதிய 2019 இல் வந்த லினக்ஸ் 5.4 இல் 'இன்புட் செட் டைம்ஸ்டாம்ப்' என்ற வழி சேர்ந்தது. கூடுதலாக ஒரு சில வரிகள்தான். அதைக்கூட எழுதாமல் விடுவது, என்னைப் பொறுத்தவரை, சோம்பல்.

இன்னும் நல்லது சிப்பே தரும் நேரம். விண்டோஸின் பிரிசிஷன் டச்பாட்கள் ஒவ்வொரு தகவலோடும் 'ஸ்கான் டைம்' அனுப்பவேண்டும்: 100 மைக்ரோசெக்கன் அலகில் 16 பிட் எண். அது 6.5 செக்கனுக்கு ஒருக்கா நிரம்பித் திரும்பப் பூச்சியத்துக்கு வரும். சிபியுவின் கடிகாரத்தோடு அதை நேரே ஒப்பிடவும் ஏலாது. அதால லினக்ஸ் மல்டிடச் டிரைவர் வித்தியாசத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போகுது. இடைவெளி நீண்டுவிட்டால் பூச்சியத்திலிருந்து தொடங்குது.

எனக்குப் பிடித்தது கேர்னல் ஆவணத்தில் இருக்கிற ஒரு விதி. சாதனம் இந்த நேரத்தைத் தராவிட்டால் டிரைவரும் அதைத் தரக்கூடாது. இருக்கிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுக்கக்கூடாது.

சும்மா ஒருக்காத் தட்டித் திறக்கிறதுக்கு இதெல்லாம் தேவையில்லைதான். ஆனால் கீறுறவைக்கும், கேம் விளையாடுறவைக்கும், போனிலேயே எழுதிப் படிக்கிறவைக்கும் வித்தியாசம் விரலில் தெரியும். லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கிறவை 'இவ்டெஸ்ட்' ஓடவிட்டு டச்பாட்டில் விரலை இழுத்துப் பாருங்கோ. 'எம்எஸ்சி டைம்ஸ்டாம்ப்' என்ற வரி வருதா, வந்தால் அடுத்தடுத்த எண்களுக்கு இடையில் எவ்வளவு என்று.