லேப் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீங்க!



நம்ம கம்ப்யூட்டர் லேப் மூலையில் துணி போர்த்தி வெச்சிருக்கிற விண்டோஸ் 98 பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. "அது இருந்தா என்ன, போனா என்ன?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். நான் அந்தக் கட்சி இல்லை. உள்ளே இருக்கும் தமிழை வெளியே எடுத்து, பிழை திருத்தி முடிக்கிற வரைக்கும் அந்தப் பெட்டி அங்கேயே இருக்கணும் என்பதுதான் என் கருத்து.

உள்ளே அப்படி என்ன இருக்கு? பழைய ஆண்டு மலர்கள். அதோடு, முன்னே படித்த அக்காமாரும் அண்ணன்மாரும் ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டு அடித்து வைத்த கும்மிப் பாட்டு, ஒப்பாரி, விடுகதை, நொய்யல் கரை ஊர்க் கதைகள். சொன்ன பாட்டிகளில் பல பேர் இன்று இல்லை. அச்சடித்த தாள் கொஞ்சம் இருந்தது, அதில் பாதியைக் கரையான் தின்னாச்சு.

"காப்பி பண்ணிக்கிட்டா போச்சு!" என்பீர்கள். அங்கேதான் சிக்கலே. அந்தக் கோப்பைப் புது கம்ப்யூட்டரில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். காரணம், அது பாமினி எழுத்துருவில் அடித்தது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கில ஜே எழுத்துக்கு உரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் 'த' படத்தை ஒட்டினார்கள். எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் இருக்கிற ஆங்கிலம் பல்லைக் காட்டுது, அவ்வளவுதான்.

பாமினி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மயிலை, வானவில், முரசு அஞ்சல் என்று ஆளுக்கொரு கணக்கு. இதற்கு முடிவு கட்ட 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் மாநாடு கூட்டினார்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் இருந்தவர்கள் பலரும் டிஸ்கி என்ற இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக, தீர்வும் மூணாப் போச்சு!

யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் மைக்ரோசாப்ட் இயங்குதளத்தில் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது ஒழுங்காகத் தெரிந்தது. நம்ம 98 அதற்கு மூத்த ஆள். இன்றைய யூனிகோடு கோப்பை அதன் நோட்பேடில் திறந்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், இப்படியே பக்கம் பக்கமாக வரும். யுடிஎஃப்-8 முறையில் 'த' என்ற ஒரு எழுத்துக்கு மூன்று பைட். பழைய நோட்பேடு மூன்றையும் மூன்று எழுத்தென்று நினைத்துக்கொள்கிறது, பாவம். ஆகவே மாற்றும் வேலையைப் புது கம்ப்யூட்டரில்தான் செய்யணும். கோப்பு அங்கே போய்ச் சேர ஃபிளாப்பிதான் வழி. பென் டிரைவைச் செருகினால், அதற்கென்று தனி டிரைவர் போட்டால் ஒழிய, 98 அதைக் கண்டுகொள்ளாது.

நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளை இரண்டாயிரம் வருஷம் கழித்தும் படிக்கிறார்கள். எழுத்தின் வடிவம் ஓட்டிலேயே கீறி இருந்ததால் அது முடிந்தது. நம்ம கோப்பில் வடிவம் இல்லை, எண் மட்டும்தான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு எழுத்துருவில் இருக்கு. பாமினி எங்கே தேடினாலும் கிடைக்கும், சரி. ஆனால் சில கோப்புகளில் இருக்கிற எழுத்துரு எது என்று இங்கே யாருக்கும் தெரியல. அது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கு. பெட்டி போனால் கணக்கும் போச்சு.

"மாற்றி இருக்கே, ஒரு பட்டன் தட்டினா யூனிகோடு ஆகிடுமே?" ஆகும். சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் எல்லாம் நல்ல வேலை செய்த கருவிகள்தான். ஆனால் தட்டிவிட்டு எழுந்து போய்விட முடியாது. பாமினியில் 'ர்' அடிக்க, துணைக்காலுக்கு உரிய விசையைத் தட்டி மேலே புள்ளி வைப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே என்ற எண்ணம்! கவனம் இல்லாத மாற்றி அதைத் துணைக்கால், புள்ளி என்றே எழுதிவிடும். திரையில் 'பேரூர்' என்றுதான் தெரியும், கண்ணுக்கு வித்தியாசமே இருக்காது. ஆனால் 'பேரூர்' என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது. பெரிய நாளிதழ்களின் இணையப் பக்கங்களில்கூட இந்தப் பிழையைப் பார்க்கலாம். கௌசிகா நதியும் தப்பாது. ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள' எழுத்தும் ஒரே விசை என்பதால் 'கெளசிகா' என்று நாலு எழுத்தாகிவிடும். இன்னொரு கூத்து: பாமினியில் 'இ' இருப்பது ஆங்கிலக் கமாவின் இடத்தில். நடுவில் ஆங்கில முகவரி ஏதாவது இருந்தால், அதன் எழுத்துகள் கண்டபடி தமிழாகி, கமா எல்லாம் 'இ' ஆகி நிற்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் சார் மட்டும் போதாது, தமிழ் ஐயாவும் வேணும், நாமும் வேணும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்களை ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, முதலில் டிஸ்கியிலும் பிறகு யூனிகோடிலும் போட்டார்கள். சம்பளம் இல்லாத வேலை அது.

2010 ஜூன் 23 முதல் 27 வரை நம்ம கோவையில் செம்மொழி மாநாடு நடந்தது. கொடிசியா வளாகத்தில் தமிழ் இணைய மாநாடும் கூடவே நடந்தது. அந்த நேரத்தில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. யூனிகோடு ஓடாத இடத்துக்கு டேஸ்16 என்றும் சொன்னது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தருகிற டேஸ்16 தான் தமிழ் இலக்கணத்துக்குப் பொருத்தம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வாதத்தில் நியாயம் இருக்கு. ஆனாலும் என் ஓட்டு யூனிகோடுக்குத்தான். பாட்டி பாடின கும்மியைப் பேத்தி தன் செல்போனில் படிக்கணும். செல்போனுக்குத் தெரிந்தது யூனிகோடுதானுங்க. (இந்தச் சுவரிதழுக்கு அந்தத் தொல்லையே இல்லை, பேனா மட்டும் போதும்!)

திருத்த வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டி 'போகோணும்' என்று சொல்லியிருந்தால் 'போகோணும்' என்றே இருக்கட்டும். 'போக வேண்டும்' என்று திருத்தி வைக்காதீங்க, அது பிழை இல்லை.

தலைமையாசிரியர் ஐயா அனுமதி கொடுத்தால் சனிக்கிழமை சனிக்கிழமை உட்காரலாம். ஒருத்தர் பழைய திரையைப் பார்த்துச் சத்தமாகப் படிக்கணும், பக்கத்தில் இன்னொருத்தர் புதுத் திரையில் எழுத்தெழுத்தாகச் சரி பார்க்கணும். கடைசியில் பெட்டியில் இருக்கும் எழுத்துருக் கோப்புகளையும் தனியாக ஒரு படி எடுத்து வைக்கணும். பெயர் கொடுக்க விரும்புவோர் லேப் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதுங்க. வீட்டுப் பரணில் ஃபிளாப்பி கிடந்தால் தூக்கிப் போடாமல் கொண்டு வாங்க. லேப்பில் இருக்கும் ஏழில் நாலு படிக்க மாட்டேங்குது.