புதுப் புத்தகம் வந்தாச்சு... ஊருக்குத் தெரியுமா?

போன மாதம் எங்கள் ஏரியா கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். மேஜைக்குப் பின்னால் பிரித்தும் பிரிக்காமலும் ஒரு புத்தகக் கட்டு. "வந்து மூணு வாரம் ஆச்சு சார். யாரும் கேட்கலை" என்றார் நூலகர். எட்டிப் பார்த்தால், மேலேயே குரூப் 4 தேர்வுக்கான கையேடு! அதே புத்தகத்தைத்தான் பக்கத்து வீட்டுப் பெண், அப்பாவிடம் கெஞ்சிக் காசு வாங்கி, முந்தின வாரம் கடையில் வாங்கியிருந்தாள்.

சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் ஐந்து நூலக விதிகளைப் புத்தகமாகவே வெளியிட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது அதில் ஒன்று. அந்த வாசகருக்குப் புத்தகம் வந்த சேதி தெரிய வேண்டாமா?

இதற்கு வெப்சைட் வேண்டாம், செலவும் வேண்டாம். ஒரு ஸ்மார்ட்போன் போதும்.

பட்டியல்: 'கூகுள் ஷீட்ஸ்' ஆப்பில் ஒரு ஷீட் திறங்கள். தலைப்பு, ஆசிரியர், வகை, வந்த தேதி என நான்கு பத்தி போதும். தமிழில் டைப் செய்யச் சிரமமா? கீபோர்டில் இருக்கும் மைக்கை அழுத்திச் சொல்லுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும். எழுத்துப்பிழையை மட்டும் ஒரு முறை சரிபாருங்கள்.

லிங்க்: ஷேர் செய்யும்போது, லிங்க் வைத்திருக்கும் எவரும் 'பார்க்க மட்டும்' முடியும்படி வையுங்கள். 'எடிட்' அனுமதி கொடுத்தால், யாராவது விளையாட்டாகப் பட்டியலையே அழித்துவிடுவார்கள். புதுப் புத்தகம் வர வர அதே ஷீட்டில் சேர்க்கலாம், லிங்க் மாறாது.

க்யூஆர் கோடு: அந்த லிங்க்கை குரோம் பிரவுசரில் திறந்து 'ஷேர்' கொடுத்தால், க்யூஆர் கோடு உருவாக்கும் வசதி இருக்கும். பிரின்ட் எடுத்து நூலக வாசலில், டீக்கடையில், பள்ளி அறிவிப்புப் பலகையில் அனுமதி கேட்டு ஒட்டுங்கள்.

வாட்ஸ்அப்: குரூப் என்றால் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் சேரத் தயங்குவார்கள். அதனால் 'சேனல்' தொடங்குங்கள். அதில் பின்தொடர்பவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. குட்மார்னிங் தொல்லையும் இல்லை. வாரம் ஒரு நாள், புது அட்டைகளை வரிசையாக அடுக்கி ஒரே படம் எடுத்துப் போட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்பக்கங்களைப் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கிப் பரப்பினால் அது காப்புரிமை மீறல். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதையும் ஷீட்டில் எழுதாதீர்கள். அது அவரவர் சொந்த விஷயம்.

நூலகருக்கு நேரமில்லையா? அவரிடம் அனுமதி வாங்கி, லீவு நாளில் நீங்களும் பிள்ளைகளும் உட்காருங்கள். எங்கள் நூலகத்தில் அப்படித்தான் நடந்தது. நாற்பது புத்தகங்களைப் பட்டியலிட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டைப் செய்தது யார் தெரியுமா? காசு கொடுத்துக் கையேடு வாங்கிய அதே பக்கத்து வீட்டுப் பெண்தான்!