வால்வுக் கரியும் சில பயமுறுத்தல்களும்

கார் வைத்திருப்பவர் டயருக்குக் காற்று பார்க்கலாம், வைப்பர் மாற்றலாம், மிஞ்சிப்போனால் ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடலாம். இன்ஜின் வால்வில் மட்டும் கை வைக்கக் கூடாது. எழுதாத சட்டம் இது. ஏன் என்று கேட்டால் காரணங்கள் வரிசைகட்டி வரும். நல்ல பெட்ரோலும் ஒரு பாட்டில் கிளீனரும் போதும்; நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால் கரி தானாக எரிந்துவிடும்; அதற்கான கருவி கம்பெனியிடம்தான் இருக்கிறது; நாமே செய்தால் இன்ஜின் போகும், வாரண்டியும் போகும். அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ 335ஐ கார் வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாக வால்வில் படியும் கரியை நீக்கும் வேலையை வீட்டு கராஜிலேயே, ஒருவருக்கொருவர் துணை நின்று செய்துவருகிறார்கள். அவர்கள் செய்கிற வேலையை வைத்தே இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கலாம்.

முதலில் பாட்டில். வழக்கமான பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர், காற்று வரும் இன்டேக் வழியில், வால்வுக்கு முன்னால் இருக்கும். அது பீய்ச்சும் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும். பெட்ரோலில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட் போகிற போக்கில் வால்வைக் கழுவிவிடும். அங்கே பாட்டிலுக்கும் கொஞ்சம் வேலை உண்டு. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் கதை வேறு. 1996இல் மிட்சுபிஷி தன் ஜி.டி.ஐ. இன்ஜினைப் பெருமளவில் கார்களில் பொருத்தத் தொடங்கியது. பிறகு மற்ற கம்பெனிகளும் வரிசையாக வந்தன. 2006இல் 335ஐயோடு வந்த ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜினான என்54உம் இந்த வகைதான். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. இன்டேக் வால்வின் முதுகில் ஒரு சொட்டுகூடப் படாது. ஆனால் கிராங்க்கேஸிலிருந்து கிளம்பும் எண்ணெய் ஆவி, மாசுக் கட்டுப்பாட்டுக்காக அதே இன்டேக் வழியாகத்தான் திருப்பி அனுப்பப்படுகிறது. வால்வுத் தண்டின் சீலில் கசியும் எண்ணெயும் சேர்ந்துகொள்கிறது. சூடான வால்வில் இரண்டும் வெந்து வெந்து கறுப்பாக இறுகுகின்றன. முன்வாசலில் தண்ணீர் தெளித்துக் கொல்லைப்புறத்தைச் சுத்தம் செய்ய முடியாது. டேங்கில் ஊற்றும் மருந்துக்கும் இந்தக் கரிக்கும் அவ்வளவுதான் உறவு.

இது கம்பெனிகளுக்குத் தெரியாத ரகசியமில்லை. டொயோட்டா 2005லேயே லெக்ஸஸ் ஐஎஸ் 350இல் ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் வைத்தது: ஒன்று சிலிண்டருக்குள், மற்றொன்று இன்டேக் வழியில். பவருக்காகவும் புகைக்காகவும் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் இரண்டாவது இன்ஜெக்டரின் தயவில் வால்வும் கழுவப்படுகிறது. ஃபோர்டும் பின்னாளில் தன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட்டில் இதே வழிக்கு வந்தது. டேங்கில் ஊற்றாமல், இன்ஜின் ஓடும்போது இன்டேக்கிலேயே அடிக்கும் ஸ்ப்ரேக்களும் கடைகளில் கிடைக்கின்றன. புதிதாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அவை இளக்கலாம். ஆண்டுக்கணக்கில் இறுகிய கரியிடம் அவற்றின் ஜம்பம் பலிக்காது.

விரட்டி ஓட்டுகிற வைத்தியத்துக்கு ஒரு பத்தி அதிகம். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி எரிந்த வாயு பாய்வதால் அங்கே கரியை எரிக்கும் சூடு உண்டு. இன்டேக் வால்வின் முதுகைத் தடவிக்கொண்டு போவது வெளியிலிருந்து வரும் காற்று. கரி எரிகிற சூடு அங்கே எட்டுவதில்லை.

கருவி கம்பெனியிடம் மட்டும்தான் என்பது வேடிக்கையான வாதம். பி.எம்.டபிள்யூ தன் வொர்க்‌ஷாப்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் முறையே, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் வால்வின் மேல் அடிப்பதுதான். நம் கடைகளில் அக்ரூட் என்று விற்கிறார்களே, அதே கொட்டையின் ஓடு. கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம். மணலைப் போல உலோகத்தைத் தின்னாது. ஒரு கம்ப்ரஸர், ஒரு பிளாஸ்டிங் துப்பாக்கி, ஒரு வேக்குவம் கிளீனர், இன்டேக் துளையில் பொருந்தும் ஓர் அடாப்டர். இதில் கடையில் சுலபமாகக் கிடைக்காதது அந்த அடாப்டர் ஒன்றுதான். அதையும் ஒருவர் வாங்கி, வேலை முடிந்ததும் அடுத்தவருக்குத் தபாலில் அனுப்பிவிடுகிறார். டீலர் பல நூறு டாலர் பில் போடும் வேலை, மூட்டை வால்நட் ஓட்டின் விலைக்கும் இன்டேக் கேஸ்கெட்டின் விலைக்கும் இறங்கிவிடுகிறது. போகட்டும், விலையை மட்டும் பேசினால் விஷயம் சிறுத்துப்போகும்.

‘இன்ஜின் போய்விடும்’ என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. இந்த வேலையில் மன்னிப்பே இல்லாத தப்பு ஒன்று உண்டு: வால்வு திறந்திருக்கும்போது அடிப்பது. ஓட்டுத் தூளும் பெயர்ந்த கரியும் நேரே சிலிண்டருக்குள் விழும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னால் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, இன்ஜினை அது வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றி, அந்தச் சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வும் மூடியிருப்பதை டார்ச் அடித்துப் பார்த்தாக வேண்டும். மற்ற துளைகளை அடைத்து வைக்க வேண்டும். அவிழ்த்த நட்டு ஒன்று துளைக்குள் உருண்டுவிட்டால் அன்றைய நாள் போச்சு. பழைய காரின் பிளாஸ்டிக் குழாய்களும் கனெக்டர்களும் தொட்டாலே நொறுங்கும். கம்ப்ரஸரில் ஈரம் இருந்தால் ஓட்டுத் தூள் களியாகித் துப்பாக்கியை அடைக்கும். வால்நட் தீர்ந்துவிட்டதென்று மணலையோ கண்ணாடித் துகளையோ தொட்டால் தொலைந்தது. மிச்சமிருக்கும் ஒரு சிட்டிகை சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். கொட்டை ஒவ்வாமை உள்ளவர் இந்தத் தூசியின் பக்கமே வரக் கூடாது.

இத்தனை ஆபத்தையும் சொன்ன பிறகும் நான் ஏன் எதிர்வாதம் செய்கிறேன்? மேலே சொன்ன எதுவும் அபூர்வமான கைத்திறன் கேட்கவில்லை. கேட்பது பொறுமையும் இன்னொரு ஜோடிக் கண்களும். அந்த இரண்டாவது ஜோடி இந்தக் கார்க்காரர்களிடம் இருக்கிறது. ஒருவர் கிராங்க்கைச் சுற்றினால் இன்னொருவர் துளையைப் பார்த்து “மூடிடுச்சு” என்கிறார். சந்தேகம் வந்தால் துளையைப் படமெடுத்து, ஏற்கெனவே செய்தவருக்கு அனுப்புகிறார்கள்; பதில் வரும்வரை துப்பாக்கி தரையில் கிடக்கும். முதல்முறை செய்பவர்களில் பலர், தங்கள் காரைத் தொடுவதற்கு முன் இன்னொருவர் காருக்கு எடுபிடியாக நின்று பார்த்தவர்கள். சிறிய கம்ப்ரஸரின் டேங்க் நொடியில் காலியாகி, மறுபடி நிரம்பக் காத்திருக்கும் இடைவெளிகளில்தான் பாதிப் பாடம் நடக்கிறது. எந்த நட்டுக்குக் கை எட்டாது, எந்தக் குழாய் உடையும், எதைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதெல்லாம் இப்படித்தான் கைமாறுகிறது. மணிக்கணக்குக்குக் கூலி எழுதும் வொர்க்‌ஷாப்பில், முதல் சிலிண்டருக்குக் காட்டிய கவனத்தை ஆறாவது சிலிண்டருக்கும் காட்டினார்களா என்று நீங்கள் பார்க்கவா முடியும்?

வாரண்டி. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் சட்டம் இருக்கிறது. வெளியில் வேலை செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்ய முடியாது. அந்த வேலையால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். இந்தியாவில் இதே வாசகத்தோடு ஒரு சட்டம் இல்லை. ஆனால் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில் இந்தப் பேச்சும் உண்டு: வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி முழுவதும் ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. உத்தரவு பேசுவதும் வெளி மெக்கானிக்கைப் பற்றித்தான், உரிமையாளர் தானே செய்வதைப் பற்றி அல்ல. அதனால் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் காரில் அவசரப்பட்டுக் கை வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூவின் புதிய கார் வாரண்டி 4 ஆண்டு அல்லது 50,000 மைல். கரி தொல்லை கொடுக்கும் அளவுக்குச் சேர்வதும் பெரும்பாலும் அதையொட்டித்தான். இல்லாத வாரண்டியைக் காட்டி யாரைப் பயமுறுத்துவது?

இந்தக் கூட்டத்திடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர்கள் ‘செய்யாதே’ என்றும் சொல்வதுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் கார் நடுங்குகிறது என்று ஒருவர் வந்தால் உடனே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். இக்னிஷன் காயிலைப் பார்த்தாயா, ஸ்பார்க் பிளக்கைப் பார்த்தாயா, இன்ஜெக்டர் சரியா என்று கேட்பார்கள். என்54இன் உயரழுத்தப் பெட்ரோல் பம்ப் பேர்போன நோயாளி, அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூவே அதன் வாரண்டியை 10 ஆண்டு, 1,20,000 மைல் வரை நீட்டிக்க வேண்டிவந்தது. குற்றவாளி அதுவாக இருந்தால் வால்வைப் பளபளப்பாக்கி என்ன பயன்? போனில் மாட்டும் சின்ன கேமராவை இன்டேக்குக்குள் விட்டுக் கரியைக் கண்ணால் பார்த்த பிறகே மற்ற பேச்சு.

நம் ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். சர்வீஸுக்கு விட்டால் ‘டீகார்பனைசிங்’ என்று ஜாப் கார்டில் ஒரு வரி ஏறிவிடுகிறது. போலோ ஜிடி டிஎஸ்ஐ, வென்யூ டர்போ, பெட்ரோல் தார் போன்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்காவது கேமரா விட்டுப் பார்க்க ஒரு காரணம் உண்டு. ஸ்விஃப்ட்டுக்கும் வேகன்ஆருக்கும் இன்ஜெக்டர் இன்டேக் வழியில்தான் இருக்கிறது. அந்த வால்வைப் பெட்ரோல் ஓடுகிற நேரமெல்லாம் கழுவிக்கொண்டுதான் இருக்கிறது. அவற்றுக்கும் அதே வரி, அதே பில்.