கம்பெனிப் பணமும் ஜனங்களின் வோட்டும்

பெருங் கம்பெனிகளின் செல்வம் அரசியலில் புகுந்து ஜனங்களின் வோட்டைச் சக்தியற்றதாக்கி வருகிறதென்பதில் இன்று தேசத்தில் அதிக அபிப்பிராய பேதமில்லை. அதை அடக்கும் உபாயம் யாது என்பதில்தான் பேதம். நமக்குக் கடிதமெழுதும் நேயர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். சட்டங்களைச் சிறுகச் சிறுகத் திருத்தி வந்தால் தீமை தானே தேய்ந்துவிடும் என்பது ஒரு சாரார் வாதம். கிளையை நறுக்குவதால் பயனில்லை, வேரோடு பிடுங்க வேண்டும். கம்பெனி எதுவும் கட்சிக்கு ஒரு காசும் கொடுக்கலாகாதென்று ஒரே நாளில் விதித்துவிட வேண்டும் என்பது மற்றொரு சாரார் வாதம். இரு சாராரும் தேச நலத்தை நாடியே பேசுகின்றனர். ஆயின், இவ்விரண்டு மருந்தையும் இத்தேசம் ஏற்கெனவே உண்டு பார்த்திருக்கிறது என்பதை இரு சாராருமே மறந்துவிட்டனர் போலும்.

கம்பெனியின் கையில் ராஜ்யமே இருந்த அனுபவம் நம்மவருக்குப் போல் வேறெந்த ஜனசமூகத்துக்கு உண்டு? 1600-ஆம் வருஷத்தில் வியாபாரச் சாஸனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியை அடக்குவதற்கு பிரிட்டிஷ் பார்லிமெண்டு படிப்படியாகவே முயன்றது. 1773-இல் ஒழுங்குச் சட்டம். 1784-இல் பிட் மந்திரியின் சட்டம். 1813-இல் இந்திய வியாபார ஏகபோகம் போயிற்று. 1833-இல் வியாபாரமே நின்றது. இவ்வளவு திருத்தங்களும் ஆகிக்கொண்டிருந்த காலத்தில்தான் கம்பெனியின் ராஜ்யம் விரிந்துகொண்டே போயிற்று! அதன் பங்குகளைப் பார்லிமெண்டு அங்கத்தினர் பலரே வைத்திருந்தனர் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை. பிறகு 1857-ஆம் வருஷப் புரட்சி வந்தது. 1858-இல் ஒரே சட்டத்தால் கம்பெனி ஆட்சி ஒழிந்தது. இதைவிடப் பெரிய மாறுதல் வேறென்ன வேண்டும்? எனினும் பங்குதாரர்களுக்கு 1833-ஆம் வருஷச் சட்டம் உறுதி செய்திருந்த நூற்றுக்குப் பத்தரை வீதம் லாபப் பங்கு 1874 வரையில் இந்தியாவின் வருமானத்திலிருந்தே போய்க்கொண்டிருந்தது. சிம்மாசனம் கைமாறிற்று, வரி கொடுத்தவன் அதே குடியானவன்தான்.

கம்பெனி என்ற ரூபத்தையே நாம் வெறுப்பவர்களல்லோம். 1906-இல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது தமிழ் மக்கள் அதன் பங்குகளை வாங்கியது லாபத்துக்காக மட்டுமா? அதை நசுக்கப் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதற்கு மேல் ஆகவேண்டியதை அதிகாரவர்க்கம் பார்த்துக்கொண்டது. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். ஆகவே கம்பெனியால் விளையும் தீமை அதன் மூலதனத்தில் இல்லை, சர்க்காரோடு அது செய்துகொள்ளும் இரகசிய உறவில் இருக்கிறது என்பதைத் தென்னாட்டார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சுதந்திர இந்தியாவின் கதைக்கு வருவோம். 1957-இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தன் விதிகளில் இடஞ்செய்துகொள்ள அனுமதி வேண்டி பம்பாய் ஹைகோர்ட்டுக்கு வந்தது. சட்டத்தில் தடையில்லாமையால் பிரதம நீதிபதி சாக்ளா அனுமதியளித்தார். ஆயினும் மனச் சஞ்சலத்தோடுதான் அளித்தார். இவ்வழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடக் கூடுமென்றும், பார்லிமெண்டு இதைக் கவனிக்க வேண்டுமென்றும் எச்சரித்தார். பார்லிமெண்டு கவனித்தது எப்படி? 1960-இல் வரம்பு கட்டியது: 25,000 ரூபாய், அல்லது மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஐந்து, இவற்றில் எது அதிகமோ அது! அதிகமானதையே எல்லையாக வைத்தால் அதற்கு எல்லையென்று பெயர் எதற்கு? ஊழல் தடுப்புக் கமிட்டிக்குத் தலைமை வகித்த தமிழரான ஸ்ரீ கே. சந்தானம் இதில் மயங்கவில்லை. பத்திரிகாசிரியராகவும் வழக்கறிஞராகவும் இருந்த அவர் 1964-ஆம் வருஷ அறிக்கையில் கம்பெனி நன்கொடையை முழுவதும் தடுக்க வேண்டுமென்று சிபார்சு செய்தார்.

அந்தச் சிபார்சு 1969-இல் நிறைவேறியது. பதினான்கு பாங்குகள் தேசவுடைமையான அதே வருஷம், கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுப்பது அறவே தடுக்கப்பட்டது. வேரோடு பிடுங்க வேண்டுமென்னும் நேயர்கள் கேட்பது இதுதானே? இது பதினாறு வருஷம் சட்டமாக இருந்தது. விளைந்தது யாது? கணக்கில் எழுதிச் செக்காகக் கொடுத்த பணம் கணக்கில் வராத நோட்டுக் கட்டாகப் பெட்டிகளில் சென்றது. லைசென்ஸும் பர்மிட்டும் சர்க்கார் கையிலும், தேர்தல் செலவு கட்சியின் தலையிலும் இருக்கும்போது வேறெவ்விதம் நடக்கும்? தடை வந்தது, ஆனால் கட்சிகள் எதைக் கொண்டு தேர்தல் நடத்தும் என்பதற்கு எவரும் விடை சொல்லவில்லை. ஏரி நிறைந்து நிற்கையில் மதகை மட்டும் அடைத்தால் கரைதான் உடையும் என்பது நம் நாட்டுப்புறத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

சட்டம் பயின்ற நாம் அக்காலத்து வேறொரு நிகழ்ச்சியை இதைவிட முக்கியமாகக் கருதுகிறோம். 1974-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு டில்லித் தேர்தல் வழக்கில், அபேட்சகருக்காக அவருடைய கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கிலேயே சேரும் என்று தீர்ப்பளித்தது. செலவு வரம்பு அன்று ஒருநாள் உயிர் பெற்றது. அவ்வருஷமே பார்லிமெண்டு ஒரு விளக்கக் குறிப்பை ஷரத்தில் ஒட்டி அதைச் சாகடித்தது. அரைப் பக்கங்கூட இராத அந்தத் திருத்தத்தின் பலன் இன்றுவரை தொடர்கிறது. 2022-ஆம் வருஷ விதிப்படி பெரிய ராஜ்யங்களில் லோக்சபை அபேட்சகர் 95 லட்சத்துக்குமேலும், சட்டசபை அபேட்சகர் 40 லட்சத்துக்குமேலும் செலவு செய்யலாகாது. அவர் கட்சியோ எத்தனை கோடி வேண்டுமாயினும் செலவு செய்யலாம், கேட்பாரில்லை. பசியை வளர்த்துவிட்டு உண்ணாதே என்று உபதேசிப்பது போன்றதல்லவா இது?

1985-இல் தடை நீங்கி, நூற்றுக்கு ஐந்து என்ற வரம்பு திரும்பியது. 2003-இல் நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை வந்தது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்டவற்றைத் தெரிவிக்கவும் விதி வந்தது. 2013-இல் வரம்பு ஏழரையாயிற்று. இவற்றை நாம் விரித்துரைக்கப் போவதில்லை.

2017-இல் நடந்ததை விரித்துரைக்காமல் விடுவதற்கில்லை. பட்ஜெட் மசோதாவின் நடுவே சில ஷரத்துக்கள் வந்தன. கம்பெனி கொடுப்பதற்கு வரம்பில்லை; எந்தக் கட்சிக்குக் கொடுத்ததென்று கணக்கில் காட்டவும் வேண்டியதில்லை; லாபமே இல்லாத கம்பெனியுங் கொடுக்கலாம். தேர்தல் பத்திரம் என்பதை ஸ்டேட் பாங்கில் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால், பதினைந்து நாளில் அது பணமாகும். கொடுத்தவர் பெயர் ஜனங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்திரத்திலும் கண்ணுக்குப் புலனாகாத எண் உண்டு, பாங்கோ சர்க்காருடையது. ஜனங்களுக்கு இருட்டு, ஆள்வோருக்கு விளக்கு! தேர்தல் கமிஷன் இதைப் பின்னோக்கிய செய்கையென்று எழுத்து மூலம் சொல்லிற்று. ரிசர்வ் பாங்கும் ஆட்சேபித்தது. பணமசோதாவாக வந்தபடியால் ராஜ்ய சபைக்குத் தடுக்கும் அதிகாரமில்லை. அறுபது வருஷமாகத் துளித்துளியாகச் சேர்ந்த சிறு பாதுகாப்புக்கள் ஒரு பட்ஜெட் காலத்தில் கரைந்தன. நல்லது வரும்போது ஆமை நடையில் வருகிறது. கெடுதல் வரும்போது மட்டும் பெரும் பாய்ச்சலில் வருவானேன்?

எதிர்க்கட்சிகளை மாத்திரம் இதில் உத்தமர்களாகக் காட்ட நமக்கு மனம் வரவில்லை. லண்டன் கம்பெனி ஒன்றின் இந்தியக் கிளைகளிடம் பணம் வாங்கியதால் காங்கிரஸ், பாரதீய ஜனதா ஆகிய இரு கட்சிகளும் அந்நிய நன்கொடைச் சட்டத்தை மீறியதாக 2014-இல் டில்லி ஹைகோர்ட்டு தீர்மானித்தது. அச்சட்டம் 2016-இலும் 2018-இலும் திருத்தப்பட்டது. 2018-ஆம் வருஷத் திருத்தம் 1976 முதலே அமுலிலிருந்ததாகக் கொள்ளப்பட்டது! அது லோக்சபையில் விவாதமின்றியே நிறைவேறிய பட்ஜெட் மசோதாவில் அடங்கியிருந்தது. எல்லா விஷயத்திலும் சண்டையிடும் இரு தரத்தாரும் இவ்வொரு விஷயத்தில் காட்டிய மௌனம் மிகவும் அழகியது.

தேர்தல் பத்திரத்தை எதிர்த்த வழக்குகள் 2017 முதலே சுப்ரீம் கோர்ட்டில் இருந்தன. அதற்கிடையில் ஒரு பொதுத் தேர்தலும் பல ராஜ்யத் தேர்தல்களும் கடந்தன. 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அத்திட்டம் ராஜ்யாங்கத்துக்கு விரோதமென்று தள்ளினர். வோட்டருக்கு அறியும் உரிமை உண்டென்றும், கம்பெனிகளுக்கு வரம்பற்ற உரிமை கொடுத்தது நியாயமற்றதென்றும் கூறினர். ஸ்டேட் பாங்கு விவரம் தர ஜூன் மாதம் வரை தவணை கேட்டது. கோர்ட்டு மறுத்ததும் ஒரே நாளில் கொடுத்துவிட்டது! 16,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்றிருந்தன. அதில் மிகப் பெரும் பங்கு மத்தியில் ஆளும் பாரதீய ஜனதா கட்சிக்குச் சென்றிருந்தது.

நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? பத்திரம் வாங்கியவர்களில் முதலிடம் பெற்றது கோயமுத்தூரைச் சேர்ந்த லாட்டரிக் கம்பெனி: 1,368 கோடி. தி.மு.கழகம் பெற்ற 656 கோடியில் 509 கோடி அக்கம்பெனியிடமிருந்து வந்ததென அக்கழகமே தேர்தல் கமிஷனுக்குத் தெரிவித்திருந்தது. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003 முதல் தடுக்கப்பட்டது. கைம்மாறு நடந்ததாக எக்கோர்ட்டும் தீர்மானிக்கவில்லை, நாமும் கூறவில்லை. அவ்வளவு பணத்தைக் கொடுத்த கையும் வாங்கிய கையும் ஐந்தாறு வருஷம் ஜனங்களுக்குத் தெரியாமலிருந்தன என்பதே நமது குறை. பத்திரமே வாங்காமல் வழக்குத் தொடுத்த கட்சியும் ஒன்று உண்டு. மார்க்ஸிஸ்டு கம்யூனிஸ்டுகளின் பல கொள்கைகள் நமக்கு உடன்பாடல்ல. எனினும் இதில் அவர்களுக்குரிய மரியாதையைக் கொடாமலிருப்பது முறையன்று.

தீர்ப்புக்குப் பின் என்ன நடந்தது? பழைய தேர்தல் டிரஸ்டுகளின் வழியே பணம் முன்னிலும் பெருகி ஓடத் தொடங்கியது. பல கம்பெனிகள் ஒரு டிரஸ்டில் கொட்ட, டிரஸ்டு கட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும். எவர் பணம் எவருக்குப் போயிற்றென்பது கலங்கிவிடும். பணமசோதாவென்ற குறுக்கு வழியைப் பற்றியும் அத்தீர்ப்பு முடிவு கூறவில்லை. அமெரிக்காவிலும் இவ்வாறே: 1907-இல் கம்பெனிகள் தேர்தலுக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுத்தது, 2010-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, அபேட்சகரோடு சேராமல் தனியே அவை எவ்வளவும் செலவிடலாம் என்று திறந்துவிட்டது.

ஆகலின் மெதுவா, வேகமா என்ற தர்க்கத்தில் நாம் எக்கட்சியிலும் சேரோம். 1969-ஆம் வருஷத் தடை தோற்றது அது பெரியதாயிருந்ததனாலன்று. பணத் தேவையைத் தொடாமல் விட்டதனால். 1960, 1985-ஆம் வருஷத் திருத்தங்கள் தோற்றது அவை சிறியவையாயிருந்ததனாலன்று; அடுத்த பட்ஜெட்டில் ஓசையின்றி அழிக்கத் தக்கவையாயிருந்ததனால். எனவே முதலில் வேண்டுவது, 1974-இல் செத்த தீர்ப்பை உயிர்ப்பித்துக் கட்சிகளின் செலவுக்கு வரம்பு விதிப்பது. அது வந்தபின் 1998-இல் இந்திரஜித் குப்தா கமிட்டி சொன்னவாறு பொருளாகச் சிறிது சர்க்கார் உதவி அளிப்பதைப் பற்றிப் பேசலாம். வராமுன் அளிப்பது வரி கொடுப்போரையும் கம்பெனிகளோடு வரிசையில் நிறுத்துவதாகும். சர்க்கார் கண்டிராக்டு பெற்ற கம்பெனி கொடுக்கலாகாது. மற்றக் கம்பெனிகள் பங்குதாரர்களின் வோட்டைப் பெற்றே கொடுக்க வேண்டும், பணம் டைரக்டர்களுடையதல்லவே. பெயரும் தொகையும் வோட்டுப் போடும் நாளுக்கு முன்பே வெளிவர வேண்டும். இவற்றில் எதையும் பணமசோதாவில் ஒளித்து மாற்ற இடமிருக்கலாகாது.

பலனடைவோரே இதைச் சட்டமாக்குவரோ என்று கேட்பீர்கள். தாமாக ஆக்கார். இதுவரை கிடைத்த கொஞ்சமும் வழக்காடிய சங்கங்களாலும் ஆவணங்களைத் தேடிய நிருபர்களாலுமே கிடைத்தது. பத்திரிகைகளும் கம்பெனி விளம்பரத்தினால் பிழைப்பவைதானே என்று ஒரு நேயர் குத்திக் காட்டியிருக்கிறார். உண்மை, நமது செய்தித்தாளும் அவ்வாறே பிழைக்கிறது, அதில் நமக்கு நாணமுமுண்டு. ஆதலால் ஒன்று செய்யத் தீர்மானித்திருக்கிறோம். கட்சிகளும் டிரஸ்டுகளும் வருஷந்தோறும் தேர்தல் கமிஷனுக்கு அனுப்பும் நன்கொடைப் பட்டியல்களை, தமிழ்நாட்டைச் சேர்ந்த கம்பெனிகளைத் தனியே பிரித்து, இப்பக்கத்திலேயே அச்சிட்டு வருவோம். நமக்கு விளம்பரம் தருவோரின் பெயர் அதிலிருந்தால் அதற்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்.